தனித்த நம்பிக்கையும் ஊர்ச் சபையும்



சென்ற மார்கழித் திங்களில் என் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் தொலைவிலுள்ள ஒரு நகரில் பொறியியல் பயில்கிறார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். நலம் விசாரித்தபின் அவர் எழுதியிருந்தது ஏறத்தாழ இது:

“ஐயா, நான் கிறிஸ்துவை நம்புகிறேன். நாள்தோறும் வேதம் வாசிக்கிறேன், ஜெபமும் செய்கிறேன். ஆனால் இந்நகரில் எந்தச் சபையிலும் நான் சேரவில்லை. சேரவேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. நல்ல அருளுரைகளைக் கைப்பேசியிலேயே கேட்டுவிடுகிறேன். நம் ஊர்க் கோயிலில் நான் கண்டவை தேர்தலும் வழக்குமே. சபையில் சேராதவன் கிறிஸ்தவன் அல்லனா? வழக்கமான விடை வேண்டா. உண்மையான விடையைச் சொல்லுங்கள்.”

இரண்டு வாரம் அக்கடிதம் என் மேசைமேல் இருந்தது. வழக்கமான விடை வேண்டா என்று அவர் எழுதியதே அதற்குக் காரணம். இன்று வானொலி வாயிலாகச் சொல்லப்போவது அவருக்கு நான் எழுதிய விடையின் விரிவு. கேட்கும் மாணவர்களிற் பலர் வேறு சமயத்தைச் சார்ந்தவர்களாய் இருப்பீர்கள். சிலர் எச்சமயத்தையும் சாராதவர்களாய் இருப்பீர்கள். எனினும் ஒரு நல்ல கொள்கையைத் தனியே வைத்துக் காப்பாற்ற இயலுமா, அதற்குக் கூட்டுறவு வேண்டுமா என்பது நம் அனைவருக்கும் பொதுவான வினாவே.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். சபை என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வழங்கும் கிரேக்கச் சொல் ‘எக்ளேசியா’ என்பது. அதற்கு அழைக்கப்பட்டுக் கூடிய மக்கள் என்பது பொருள். கட்டடம் என்ற பொருள் அதற்கு அன்று இல்லை. தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடினர். சிரியா நாட்டில் துரா யூரோப்பாஸ் என்னும் பழைய நகரை அகழ்ந்தபோது, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரு சாதாரண வீடு வெளிப்பட்டது. ஆகவே, கோபுரமும் மணியும் உள்ள கட்டடத்திற்குள் போகவேண்டுமா என்பதன்று நம் வினா. ஓரிடத்தில் கூடுகின்ற, பெயரும் முகமும் உடைய குறிப்பிட்ட சில மனிதரோடு ஒரு கிறிஸ்தவன் தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே வினா.

வேண்டா என்பார் கூற்றை முதலில் நேர்மையாகக் கேட்போம். ஒரு கட்சியை அதன் வலிமையான வடிவில் எடுத்துரைக்கத் தெரியாதவன் அதை மறுக்கவும் தகுதியற்றவன் என்று ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குக் கற்பித்தார்கள்.

கடவுள் உள்ளத்தைப் பார்க்கிறவர். உள்ளத்து வழிபாட்டிற்கு ஊரார் துணை எதற்கு என்பது அவர்கள் கூறும் முதற்காரணம். சபைகளில் காணும் பூசலும் பணத்தாசையும் சாதி வேற்றுமையும் கிறிஸ்துவின் போதனைக்கு மாறானவை. அவற்றில் பங்குபெறுவதைவிட ஒதுங்கியிருப்பதே தூயது என்பது இரண்டாவது. சபையிற் சேர்ந்தால் பிறந்த குடும்பத்தையும் சமூகத்தையும் விட்டுப் பிரியவேண்டி வருகிறது என்பது மூன்றாவது.

இம்மூன்றாவது காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1915ஆம் ஆண்டில் சென்னையில் கந்தசாமிச் செட்டியார் என்னும் அறிஞர், கிறிஸ்துவைத் தம் மீட்பராக நம்புவதை மறைக்காமல் கூறி, அதே சமயம் தாம் திருமுழுக்குப் பெற்றுச் சபையிற் சேராமைக்குக் காரணமும் கூறினார். பிறந்த சமூகத்தை விட்டு வெளியேறும்படி தம் உள்ளத்தில் அழைப்பு எழவில்லை என்பது அவர் நிலை. பிற்காலத்தில் ஹெர்பர்ட் ஹோஃபர் என்னும் லுத்தரன் இறையியலாளர், சென்னையிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் இத்தகையோரைப் பற்றி ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தச் சபையின் பதிவேட்டிலும் பெயரில்லாமல் கிறிஸ்துவை வணங்கிவரும் பலரை அந்நூல் காட்டுகிறது. பிரான்சு நாட்டில் யூதக் குடும்பத்திற் பிறந்த சிமோன் வெய்ல் என்னும் மெய்யியலறிஞரும், கிறிஸ்துவின்பால் ஆழ்ந்த பற்றுக்கொண்டும், நெடுநாள் திருமுழுக்கை ஏற்காது சபையின் வாசலிலேயே நின்றார். வெளியே நிற்கும் எண்ணற்றோரை விட்டுப் பிரிய அவர் மனம் ஒப்பவில்லை. அவர் 1943இல் தம் 34ஆம் வயதில் காலமானார்.

இவர்களைக் கிறிஸ்தவர் அல்லர் என்று சொல்ல எனக்கு நா எழாது. கணவன் வீட்டில் எவரும் அறியாமல் அடுப்பங்கரையில் நின்று ஜெபிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, “உன் பெயர் பதிவேட்டில் இல்லையே” என்று கேட்பவனுக்கு இரக்கம் இல்லை. ஆனால் அப்பெண் சேர முடியாதவள். என் மாணாக்கர் சேர விரும்பாதவர். அவர் இருக்குமிடத்திலிருந்து அரைமணி நடையில் மூன்று சபைகள் உள்ளன; தடுப்பார் ஒருவரும் இல்லை. முடியாமைக்கு உரிய சலுகையை விரும்பாமை எடுத்துக்கொள்ளல் தகுமா?

இதற்கு நான்காம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு நமக்கு உதவும். அகஸ்தீனார் தம் தன்வரலாற்று நூலில் இதனைக் குறித்துள்ளார். ரோம் நகரில் விக்தோரினுஸ் என்னும் பேராசிரியர் இருந்தார். சொல்லாட்சிக் கலையில் அவரை மிஞ்சுவார் இல்லை. உயர்குடி மக்கள் பலர் அவருடைய மாணாக்கர். அவருக்கு நகரின் பொது மன்றத்தில் சிலையும் நாட்டியிருந்தனர். முதுமையில் அவர் கிறிஸ்தவ வேதத்தை ஆராய்ந்து, தம் நண்பர் சிம்பிளிசியானிடம், தாம் முன்பே கிறிஸ்தவராகிவிட்டதாகத் தனியே சொன்னார். சபையில் உம்மைக் காணும்வரை நான் அதை நம்பேன் என்றார் நண்பர். அப்படியானால் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன என்று பேராசிரியர் நகைத்தார். இவ்வுரையாடல் பன்முறை நிகழ்ந்தது.

நயமான மறுமொழிதான். சுவர்கள் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குவதில்லை. ஆனால் அவர் தயங்கியதற்கு உண்மையான காரணம் சுவர் அன்று என்பதைப் பின்னர் அவரே உணர்ந்தார். செல்வாக்குள்ள நண்பர்களின் பகையை அவர் அஞ்சினார். எளிய மக்களோடு அமர்ந்திருப்பதைப் பிறர் காண்பதற்கு நாணினார். ஒருநாள் திடீரென்று நண்பரிடம், கோயிலுக்குப் போவோம் வாரும் என்றார். கூச்சமுடையோர் அறிக்கையைத் தனியறையில் சொல்லிவிடலாம் என்ற சலுகையைக் குருமார் அவருக்கும் அளித்தனர். அவர் அதை மறுத்து, மக்கள் அனைவர் முன்னிலையிலும் மேடைமேல் நின்று சொன்னார். 362இல் ஜூலியன் பேரரசன், கிறிஸ்தவர் கல்வி கற்பிக்கலாகாது என்று ஆணையிட்டபோது, தம் நம்பிக்கையை விடாது பள்ளியை விட்டார். நாற்பதாண்டு ஆசிரியனாயிருந்த எனக்கு அந்தத் துறவின் விலை ஓரளவு தெரியும். அறைக்குள் மட்டும் கிறிஸ்தவராயிருந்தவரை அந்த ஆணை தீண்டியிராது. அவர் யார் என்பதும் எவருக்கும் தெரிந்திராது.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த செசரியாவின் ஆயர் பசிலியார், தனித்துத் தவம் செய்ய விரும்பியோரிடம் ஒரு கேள்வி கேட்டார். கிறிஸ்து தம் சீடர்களின் கால்களைக் கழுவினார். தனியே வாழ்பவன் யாருடைய காலைக் கழுவுவான் என்பது அக்கேள்வி. இதற்கு நான் இதுவரை விடை காணவில்லை. பொறுமை, மன்னிப்பு, விட்டுக்கொடுத்தல், பிறர் துயரைப் பகிர்தல் ஆகிய இவற்றில் எதையும் ஒருவன் தனியறையில் பயில முடியாது. கிறிஸ்து தம் சீடருக்குக் கற்பித்த மன்றாட்டை இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். அதில் ‘என்’ என்ற ஒருமைச் சொல் ஓரிடத்திலும் வாராது. அப்பத்தைக் கேட்பதும் மன்னிப்பைக் கேட்பதும் பன்மையிலேயே அமைந்துள்ளன. பூட்டிய அறையில் ஒருவர் அதைச் சொன்னாலும் பன்மையிலேயே சொல்கிறார்.

“சபைகளில் பூசல் மிகுதி” என்பார்க்குக் கொரிந்து நகரத்துச் சபையை நினைவூட்டுகிறேன். கட்சிப் பிரிவு அங்கே இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தனர். பொது விருந்தில் செல்வர் முந்தி உண்ண, வறியோர் பசித்திருந்தனர். இவற்றையெல்லாம் பவுல் அடிகளார் தம் நிருபத்தில் வெளிப்படையாகக் கண்டிக்கிறார். ஆனால் நல்லவர்கள் பிரிந்து அவரவர் வீட்டில் இருங்கள் என்று அவர் எழுதவில்லை. கண்டித்ததும் அவர்களுக்கே, காணிக்கை திரட்டச் சொன்னதும் அவர்களுக்கே.

நூற்செய்திகளை இவ்வளவில் நிறுத்தி, என் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் என் மாணாக்கருக்கு அறிவுரை கூற எனக்கு உரிமையில்லை.

நான் நெல்லைச் சீமையில் பனங்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் உறுப்பினனாயிருந்த சபையின் கூட்டமொன்றில் ஒரு கணக்கைப் பற்றி வினவினேன். நிர்வாகிகளில் ஒருவர் விடை சொல்லாமல், பலர் முன்னிலையில் என்னையும் என் தகப்பனாரையும் இழித்துப் பேசினார். என் மாணாக்கர் சிலரும் அங்கிருந்தனர். அன்று எழுந்து வந்தவன், மூன்றாண்டு அக்கோயிலின் படி மிதிக்கவில்லை. ஞாயிறுதோறும் வீட்டில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் அது எனக்கு இனிமையாகவே இருந்தது. சத்தமில்லை, சண்டையில்லை, பிடிக்காத பாட்டைப் பாடவேண்டியதில்லை. நாளடைவில் எனக்குப் பிடித்த அதிகாரங்களையே நான் வாசித்தேன். எனக்கு வேண்டியவர்களுக்காகவே ஜெபித்தேன். என்னைத் திருத்துவார் ஒருவரும் இல்லாமையால் நான் நல்லவனாகிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் தாய்மார் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பையிலோ கலயத்திலோ இட்டுவைத்து, அதைக் காணிக்கையாகக் கோயிலுக்குக் கொடுப்பர். எங்கள் சபையில் அதிலிருந்து ஒரு பங்கு ஆதரவற்ற முதியோருக்குப் போகும். நான் கோயிலுக்குப் போகாததோடு, என் வீட்டுப் பையும் நின்றுபோயிற்று. நிறுத்தச் சொன்னவன் நானே.

ஒரு சனிக்கிழமை மாலை, மணியடித்துக் கோயிலைப் பெருக்கும் கோயில்குட்டியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுத்தறியாத முதியவர். சமாதானம் பேச யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணி, நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். அவர் திண்ணையில் அமரவும் இல்லை.

“சார்வாள், கமிட்டியோடு உங்களுக்குச் சண்டை. அது நியாயமாகவே இருக்கட்டும். கீழத்தெருக் கிழவியோடு உங்களுக்கு என்ன சண்டை? உங்கள் வீட்டுப் பை வராமல் அவளுக்கு ஒரு படி குறைகிறது. மூன்று வருஷமாக நான்தான் அளந்து கொடுக்கிறேன். எனக்குத் தெரியும்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் மறுமொழி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை, துண்டைத் தோளிற் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நிர்வாகத்தைத் தண்டிப்பதாக நினைத்து மூன்றாண்டு நான் ஒரு மூதாட்டியின் சோற்றைக் குறைத்திருந்தேன். நிர்வாகியோ நான் இல்லாத கூட்டங்களில் மேலும் சுகமாகவே இருந்திருக்கிறார். மறுநாள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். என்னை இழித்துப் பேசியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவரும் நானும் கட்டித் தழுவினோம் என்று சொன்னால் அது கதையாகிவிடும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதே கணக்கை மறுபடியும் கேட்டேன். அதற்கடுத்த ஆண்டும் கேட்டேன். மூன்றாம் ஆண்டில் கணக்கு எழுத்தில் வாசிக்கப்பட்டது. வெளியே இருந்துகொண்டு நான் அதைக் கேட்டிருக்க முடியாது. உறுப்பினன் கேட்டதனாலேயே அவர்கள் விடை சொல்லவேண்டி வந்தது.

இதைக் கேட்டு, எந்த அநீதியையும் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டுச் சபைகளின் வரலாற்றில் வெட்கப்படவேண்டிய பகுதிகள் உண்டு. சாதிக்கொரு பக்கமாக மக்களை உட்காரவைத்த கோயில்கள் இருந்தன; இறந்தபின்னும் பிரித்துவைக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய இடங்களும் உண்டு. 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் என்று அறிவித்தபோது, தஞ்சையிலும் பிற இடங்களிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டனர். ஒருவனுடைய மனிதத் தன்மையையே மறுக்கும் சபையில் அவன் தலைகுனிந்து இருக்கவேண்டும் என்று எவரும் சொல்லலாகாது. அவன் வெளியேறுவது அறமே. ஆயினும் அவன் தேடவேண்டியது தன்னைச் சகோதரனாக ஏற்கும் வேறொரு சபையை. 1857இல் அயல்நாட்டுக் குருமாரோடு மாறுபட்டுப் பிரிந்த சட்டம்பிள்ளை என்னும் அருமைநாயகமும் அவரைச் சேர்ந்தோரும்கூடத் தனித்தனியே வீட்டில் அமர்ந்துவிடவில்லை. தமக்கென ஒரு சபையை நிறுவிக்கொண்டனர். சபையோடு சண்டையிட்டுப் போனவர்களும் சபையாகவே கூடினர் என்பது கருதத் தக்கது.

நெல்லைச் சபையின் தொடக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். கிளாரிந்தா என்னும் மராத்திய அந்தணக் கைம்பெண், திருமுழுக்குப் பெற விரும்பியும் தொடக்கத்தில் மறுக்கப்பட்டவர். மறுக்கப்பட்ட காலத்திலும் அவர் தம் நம்பிக்கையைத் தமக்குள் அடைத்து வைக்கவில்லை. பிறருக்கு எடுத்துச் சொல்லிவந்தார். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அச்சபையின் உறுப்பினராக 40 பேர் குறிக்கப்பட்டனர். 1785இல் அவர் முயற்சியால் அங்கே கோயில் எழுந்தது. பின்னாளில் அம்மாவட்டமெங்கும் பரவிய பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பின்னால் இத்தகைய சிறு சபைகள் இருந்தன. அந்த நாற்பது பேரும் அவரவர் வீட்டில் தனித்தனியே நல்லவர்களாய் இருந்திருந்தால், என் பாட்டனார் எழுத்தறிந்திருக்கமாட்டார். நானும் இன்று உங்கள்முன் பேசிக்கொண்டிருக்கமாட்டேன்.

கைப்பேசியில் அருளுரை கேட்பது பற்றி ஒரு சொல். 2020இல் பெருந்தொற்றுப் பரவியபோது கோயில்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்த ஞாயிற்றை நாங்கள் வீட்டுக்குள் ஒரு சிறிய திரையின்முன் கொண்டாடினோம். அத்திரைக்கு நான் நன்றியுடையவன். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது இன்றும் பெருந்துணை. ஆனால் அருளுரை முடிந்ததும் அதை அணைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரை அப்படி அணைக்க முடியாது. திரையில் பேசுகிற பெரியவருக்கு நான் வரவில்லை என்பது தெரியாது, கோயில்குட்டியாருக்குத் தெரிந்தது.

இறுதியாக, என் மாணாக்கரின் வினாவிற்கு வருகிறேன். சபையில் சேராதவன் கிறிஸ்தவன் அல்லனா? அதைத் தீர்ப்பது என் வேலையன்று, கடவுளுடைய வேலை. சேர இயலாதோர் பலரை அவர் தம்முடையவராக அறிவார் என்று நான் நம்புகிறேன். ஆனால் சேர இயன்றும் சேராதவன், கிறிஸ்து கற்பித்தவற்றுள் பெரும்பகுதியைச் செய்து பார்க்கும் வாய்ப்பை இழக்கிறான். நீச்சலைப் பற்றிய நூலை மனப்பாடம் செய்தவன் நீந்தத் தெரிந்தவன் ஆகான், குளத்தில் இறங்கவேண்டும். குளத்து நீர் சற்றுக் கலங்கலாகவும் இருக்கும்.

ஆகவே அவருக்கு நான் எழுதியது இது: “தம்பி, குறையில்லாத சபையைத் தேடாதே. உன் இருப்பிடத்துக்கு நடக்கும் தொலைவில் உள்ள ஒன்றுக்குப் போ. ஓராண்டு அங்கே இரு. அங்குள்ள மூத்தோர் இருவருடைய பெயரையும் பிள்ளைகள் இருவருடைய பெயரையும் தெரிந்துகொள். நோயுற்ற ஒருவர் வீட்டுக்குப் போய் வா. கணக்கில் ஐயமிருந்தால் எழுந்து நின்று மரியாதையோடு கேள்; விடை வராவிட்டால் மறுபடியும் கேள். ஓராண்டுக்குப் பின்னும் அது வேண்டா என்று உன் மனச்சான்று சொல்லுமாயின், எனக்கு எழுது, வேறொன்றைத் தேடுவோம். தனியே மட்டும் இருந்துவிடாதே.”

1919இல் தரங்கம்பாடியில் சில குருமார் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாகவேண்டும் என்று பேசத் தொடங்கினர். தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உருவானது 1947 செப்டம்பர் 27ஆம் நாள். இடையே 28 ஆண்டுகள் பேச்சும் பிணக்கும் பொறுமையுமாகக் கழிந்தன. தொடங்கியோர் சிலர் முடிவைக் காணவில்லை. மனிதர் ஒன்றுசேர்ந்து வாழ்வது அத்தனை கடினம். அதை நீங்கள் எந்தச் சமயத்திலிருந்தாலும், எந்தச் சங்கத்திலிருந்தாலும் காண்பீர்கள்.

என் மாணாக்கரிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.